அப்பாவின் கடைவாய்ப் பல்

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

நான் இங்கே சௌக்கியம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் கண்ணுக்குப் புதுச் சொட்டு மருந்து ஒத்துக்கொள்கிறதா?

இத்துடன் ஒரு பத்திரிகை அனுப்பியிருக்கிறேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் 'ஒரு முடி உயரம்' என்று என் கதை வந்திருக்கிறது. இந்த ஆசிரியர் இரண்டு வருஷமாக என் கதைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவர். இதில் மட்டும் ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை.

படித்ததும் உனக்குப் புரிந்துவிடும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நீ எழுதிய அந்த நீளமான கடிதம்தான் இதற்கு அடிப்படை. அப்பாவுக்குப் பல் செட் செய்தபோது நீ வேண்டுமென்றே ஒரு கடைவாய்ப் பல்லை ஒரு முடி அளவு உயர்த்தி வைத்தது, அவர் ஆறு மாதம் வலியை யாரிடமும் சொல்லாமல் அதையே போட்டிருந்து செத்துப்போனது. மகளை மகனாக மாற்றிவிட்டேன். உன்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. உனக்காகத்தான் அப்படிச் செய்தேன்.

அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரிகை வந்தது. அம்மாவுக்குத் தலைப்பு எழுத்து தெரிகிறது, பொடி எழுத்து தெரியவில்லை. என் முதுகு அப்படியேதான் இருக்கிறது.

கதையை மூன்று முறை படித்தேன். முதல் முறை வாசலில் நின்றுகொண்டே. அடுத்த இரண்டு முறையும் ஒரு பக்கம் பத்திரிகையையும் மறுபக்கம் என் கடிதத்தின் நகலையும் வைத்துக்கொண்டு படித்தேன். நகல் எப்படி வந்தது என்று முழிக்காதே. பல் செட் செய்யும் எங்கள் லேபில் ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு அச்சு எடுப்போம். ஒன்றில் வேலை, இன்னொன்று பரண்மேல். உடைந்தால் வேண்டுமே. இருபத்தெட்டு வருஷப் பழக்கம் கடிதத்துக்கும் வந்துவிட்டது.

நான் 'நான்' என்று எழுதிய இடத்தில் எல்லாம் நீயும் 'நான்' என்றே போட்டிருக்கிறாய். 'மகள்' மட்டும் 'மகன்' ஆகியிருக்கிறது. கடைசி வரிகூட என்னுடையதுதான்.

புருஷன் வீட்டைவிட்டு வந்தபோது வீட்டுச் சாவி என் கையோடு வந்துவிட்டதும், அதைத் தபாலில் திருப்பி அனுப்பியதும் உன் முதல் கதையில் வந்தது. செத்துப்போன கணவனின் பல் செட்டைக் கொண்டுவந்து, "இத எனக்குச் சரியா வர்ற மாதிரி அறுத்துக் குடுங்க" என்று கேட்ட அம்மாள் உன் இரண்டாவது கதையில் வந்தாள். அப்போதெல்லாம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்தாவதில் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, லேபில் பிளாஸ்டர் கரைக்க விட்டபோது அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? "அவன் படிக்கட்டும், நீ ஒரு தொழிலக் கத்துக்கோ." அந்தப் பேச்சு எனக்குள் அவ்வளவு ஊறிப்போயிருந்தது. தம்பிக்கு உதவுகிறோம் என்று முதலில் பெருமைகூடப் பட்டேன்.

இந்த முறை வயிறு எரிகிறது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த இதழில் ஒரு வரி போடச் சொல்: 'இந்தக் கதை என் அக்கா எழுதிய கடிதம்.' அது போதும், இதைப் பற்றி நான் இனிமேல் பேசமாட்டேன்.

அம்மா உன்னை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. நிற்க நேரமில்லை. நீயும் அம்மாவும் நலம்தானே?

நீ கேட்ட வரியைப் பற்றி யோசித்தேன். இலக்கியத்தில் அப்படியெல்லாம் வழக்கமில்லை அக்கா. மரம் யாருடையதாக இருந்தாலும் நாற்காலி தச்சனுடையதுதான். நீ கோபத்தில் கொட்டியதை நான் எடுத்துப் படைப்பாக்கினேன். கொஞ்சம் ஆறிய பிறகு உனக்கே இது புரியும்.

இன்னொரு விஷயம். கதை இந்த வருஷத்தின் பெரிய விருதுக்குப் பரிசீலனையில் இருக்கிறது. ஒரு நிருபர் வந்து, "இது உங்க சொந்த அனுபவமா?" என்று கேட்டார். வாய் தவறி ஆமாம் என்று சொல்லிவிட்டேன். முழுப் பொய்யும் இல்லையே. வேலை கிடைக்காமல் ஒரு மாதம் உன் லேபில்தானே வந்து உட்கார்ந்திருந்தேன்.

இதையே நாவலாக்கக் கேட்கிறார்கள். எனக்குச் சில விவரம் வேண்டும். மெழுகு உருகும்போது என்ன வாசனை வரும்? பல்லை எந்த வரிசையில் பதிப்பீர்கள்? உயரம் பார்க்கும் அந்த நீலத் தாளை எப்படிக் கடிக்கச் சொல்வீர்கள்? நிறைய எழுது.

தம்பி

*

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமாக இரு, உன் நாற்காலியும் நலமாக இருக்கட்டும்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மெழுகு உருகினால் பெரிதாக வாசனை இல்லை. ஈறு செய்கிற இளஞ்சிவப்பு அக்ரிலிக் தூளைக் கலக்கும்போதுதான் நெடி மண்டைக்கு ஏறும், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தாலும் அதுதான் அடிக்கும். முன்பற்களை முதலில் பதிப்போம், அப்போதுதான் முகம் வரும். கடைவாய் பிறகு. மேல் செட்டையும் கீழ்ச் செட்டையும் கீல் வைத்த பித்தளைத் தாடையில் பூட்டி, நடுவில் நீலத் தாளை வைத்துத் தட்டுவோம். எந்தப் பல் உயரமோ அதில் நீலம் அழுத்தமாக ஒட்டும். அதை ராவிவிட்டு மறுபடி தட்டுவோம். எல்லாப் பல்லிலும் ஒரே அளவு நீலம் வரும்வரை செட்டு லேபைவிட்டுப் போகாது.

உன் கதையை லேபில் எல்லோரும் படித்தார்கள். மெழுகு வேலையில் முப்பது வருஷம் தேய்ந்த மனிதர் ஒருவர் இருக்கிறாரே, உனக்கு வடை வாங்கிக் கொடுப்பாரே, அவர் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "எழுதினவரு கெட்டிக்காரரு. ஆனா சத்தியமா செட்டு செஞ்சவரு இல்ல," என்றார். ஏன் என்று அவர் விளக்க வந்தபோது நான்தான் தடுத்துவிட்டேன்.

நிருபரிடம் நீ சொன்னது அச்சாகி வந்தால் அதையும் அனுப்பு. நான் படிக்க வேண்டும்.

அக்கா

*

மார்ச் 30

அக்கா,

விருது எனக்குத்தான்! இன்று காலை சொன்னார்கள்.

பேட்டியையும் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். 'அந்த லேபில் சில காலம் இருந்தேன். அப்பாவின் கடைவாய்ப் பல்லை உயர்த்தியவன் நான்தான். அந்தக் குற்றம்தான் என்னை எழுத்தாளனாக்கியது' என்று வந்திருக்கிறது. எத்தனை பேர் அழுதார்கள் தெரியுமா? ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதச் சொல்ல ஒரு தைரியம் வேணும் தம்பி" என்றார். நான் யார் என்று எனக்கே இப்போதுதான் தெரிந்த மாதிரி இருக்கிறது.

விழா மே 18. நீயும் அம்மாவும் கட்டாயம் வர வேண்டும், முன் வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன். ஒரு சின்ன வேண்டுகோள். அங்கே யாராவது நீ என்ன செய்கிறாய் என்று கேட்டால், வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிடு. வீண் குழப்பம் வேண்டாம்.

அம்மாவுக்குக் கண் எப்படி?

தம்பி

*

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் கண் தேவலை. ஆனாலும் பேட்டி எழுத்து அவளுக்குப் பொடியாக இருந்ததால் நானே வாசித்துக் காட்டினேன். முதலில் கதை, பிறகு பேட்டி. ஒரு வரி விடவில்லை.

வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னாயே, அந்தக் கடிதம் வந்த அன்று நான் ஒரு முழுச் செட்டும் இரண்டு அரைச் செட்டும் முடித்துவிட்டு வந்திருந்தேன். நகக்கண்ணில் இளஞ்சிவப்புத் தூள் போகாமல் இருந்தது. அந்தக் கையால்தான் பேட்டியைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்கு வாசித்தேன்.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாதியில் கை நின்றுவிட்டது.

"இவனாடி?" என்றாள்.

"அவனே சொல்லியிருக்கான், பாரும்மா."

"அந்த மாசம் உன்கூடத்தான் லேப்ல கெடந்தான். பல்லு செட்டு டப்பாவ அவன்தான கொண்டாந்து அவரு கையில குடுத்தான்?"

"ஆமா."

"அதான் கடைசியில எதக் குடுத்தாலும் வேணாம் வேணாம்னாரா? நான் என் கைப்பக்குவந்தான் போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அப்புறம் மடித்த துணியை எல்லாம் ஒவ்வொன்றாக உதறிவிட்டு மறுபடி மடித்தாள். அழுதாள். நான் பேட்டியை உறைக்குள் வைத்தேன்.

விழாவுக்கு இருவரும் வருகிறோம்.

அக்கா

*

ஏப்ரல் 11

அக்கா,

உனக்கு என்ன பைத்தியமா? படித்துக் காட்ட வேண்டாம் என்று அத்தனை தெளிவாக எழுதியிருந்தேனே. போன் பண்ணினால் நீதான் எடுக்கிறாய், அம்மா குளிக்கிறாள் என்கிறாய். ஒரு மனுஷி நாளுக்கு நான்கு முறையா குளிப்பாள்?

செய்தவள் நீ. இத்தனை வருஷம் மனதுக்குள் பூட்டி வைத்திருந்தவளும் நீ. அம்மா முன்னால் நான் ஏன் குற்றவாளியாக நிற்க வேண்டும்? உடனே அவளிடம் உண்மையைச் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 22

அக்கா,

பதினொரு நாளாகப் பதில் இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மாவுக்கே நேராக எழுதினேன், பல்லை உயர்த்தியவள் நீதான் என்று. அந்த உறை பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது.

சாப்பாடு இறங்கவில்லை. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்து தூங்குவாள். அவள் என்னை அப்பாவை வதைத்தவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு என்ன வேண்டுமோ கேள், தருகிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, நன்றாகச் சாப்பிடு. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

நான் அப்பாவின் பல்லை உயர்த்தவில்லை.

மெழுகு வேலைக்காரர் ஏன் சிரித்தார் என்று இப்போது சொல்கிறேன். கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் உயர்ந்திருந்தால் செட்டு ஒரு பக்கமாகத் தூக்கும். ஒவ்வொரு கடிக்கும் ஆடும். மறுநாள் காலையில் ஈறு புண்ணாகிவிடும். இரண்டாம் நாள் எந்த மனிதரும் அதைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிடுவார். ஆறு மாதம் யாராலும் போட்டிருக்க முடியாது. லேபில் நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்குக்கூட இது தெரியும். அங்கே ஒரு மாதம் இருந்தவனுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த மாதம் முழுக்க நீ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை விளம்பரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்பாவுக்கு நான் செய்த செட்டு என் கையில் இதுவரை வந்ததிலேயே நல்ல செட்டு. எல்லாப் பல்லிலும் ஒரே அளவு நீலம். போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி ஆறு மாதம் அவர் சாப்பிடாததற்குக் காரணம் குடலில் இருந்த கட்டி. டாக்டர் சொன்னபோது நானும் நீயும்தான் அறையில் இருந்தோம், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும்தான் முடிவு செய்தோம். கதை கிடைத்ததும் உனக்கு அதுகூட மறந்துவிட்டது.

பிறகு ஏன் அப்படி எழுதினேன்? உன் இரண்டாவது கதையைப் படித்த ஆத்திரத்தில்தான் உட்கார்ந்தேன். எதைக் கொடுத்தாலும் எடுக்கிறானே, நடக்காத ஒன்றைக் கொடுப்போம், நடந்ததாக நினைத்து எடுக்கட்டும், ஒரு நாள் கையும் களவுமாகப் பிடிப்போம் என்று. இரண்டாம் பக்கம் தாண்டியதும் நீ எனக்கு மறந்தே போனாய். பள்ளிக்கூடப் பையைப் பிடுங்கி உள்ளே வைத்த அப்பாவை ஒரு தரமாவது வலிக்கவைக்க வேண்டும் என்று எனக்குள் இருந்திருக்கிறது, எழுதும்போதுதான் தெரிந்தது. நிஜத்தில் இரண்டு நாளோடு முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை, ஆறு மாதம் தேவைப்பட்டது. வைத்தேன். தொழில் தெரிந்தவள் தொழிலுக்கு விரோதமாக எழுதினேன், கூசவில்லை. முடித்துவிட்டு எழுந்தபோது முதுகு வலிகூட இல்லை.

என் வாழ்க்கையை எடுத்தாய் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ எடுத்தது நான் எழுதிய முதல் கதையை.

என்ன வேண்டும் என்று கேட்டாயே. மே 18 அன்று அம்மாவோடு முன் வரிசையில் இருப்பேன். மேடையில் இரண்டு வாக்கியம் சொல். 'இதை எழுதியவள் என் அக்கா. இது எங்கள் வீட்டில் நடக்கவில்லை.' விருதும் பெயரும் போகும். அம்மாவுக்கு மகன் திரும்பக் கிடைப்பான். எது வேண்டும் என்று நீயே பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள அக்கா,

நீங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அம்மாவுக்குப் பயணம் ஒத்துக்கொண்டதா?

நான் சொல்லத்தான் நினைத்தேன். தலைவர் என்னை, 'மெழுகு தொட்ட கையால் பேனா பிடித்தவர்' என்று அறிமுகம் செய்தார். கூட்டம் கை தட்டியது. மைக் முன்னால் நின்றபோது அம்மாவைப் பார்த்தேன், உன்னையும் பார்த்தேன். நாவலுக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது அக்கா. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லிவிட்டால் நான் யார்? எனக்கு என்ன மிஞ்சும்? அதனால் அப்பாவுக்கு இந்த விருது என் மன்னிப்பு என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

தனியாக அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கிளம்பும்போது அவளே வந்து என் கன்னத்தைத் தொட்டாள். மன்னித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி எதற்கு அதைக் கிளற வேண்டும்? நீயும் விட்டுவிடு.

தம்பி

*

ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

பயணம் ஒத்துக்கொண்டது. அம்மா நன்றாக இருக்கிறாள். உன் கடிதத்தை அவளுக்கும் வாசித்தேன்.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது: அம்மாவுக்கு ஏப்ரல் மாதமே எல்லாம் தெரியும். பேட்டியை வாசித்துவிட்டு அவளை இரண்டு நாள் அழவிட்டேன். உன்மேல் இருந்த வெறியில் வேண்டுமென்றேதான் விட்டேன். மூன்றாம் நாள் காலை அவள் பல் துலக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டியைப் பற்றியும் சொன்னேன். அந்த இரண்டு நாள் நான் நிஜமாகவே செய்த பாவம். அதை உனக்குக் கொடுக்கமாட்டேன், எழுதினால் நான்தான் எழுதுவேன்.

அம்மா என்னைத் திட்டினாள். நன்றாகத் திட்டினாள். அப்புறம், "அவனா சொல்றானான்னு பாப்போம். நீ வாயத் தொறக்காத," என்றாள். உன் உறையைப் பிரிக்காமல் திருப்பியது அவள்தான். விழாவுக்கு நல்ல புடவை எடுத்துக் கட்டிக்கொண்டதும், முன் வரிசையில் நடுவில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்ததும் உனக்கு அவள் முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. நீ மைக்கைப் பிடித்ததும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிருவான் பாரு," என்றாள். கடைசிவரை நம்பினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், எதற்காக உன் கன்னத்தைத் தொட்டாள் என்று. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கூட்டத்துல சொல்ல முடியல, சரி. கிட்டப் போனா என் காதுலயாவது சொல்லுவான்னு போனேன்டி. சிரிக்கிறான். புருஷனப் பட்டினி போட்டவன்னு அவன நெனச்சுக்கிட்டே நான் செத்துப்போனாலும் அவனுக்குப் பரவாயில்ல."

இதற்குமேல் அவள் உன்னைப் பற்றிப் பேசவில்லை. மூன்று வாரம் ஆகிறது, இன்னும் பேசவில்லை.

உன்னைப் பழிவாங்க நான் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். நகலை ஆசிரியருக்கு அனுப்புவது, மெழுகு வேலைக்காரரை மேடைக்கு அழைத்துவருவது, எல்லாம். இப்போது எதுவும் தேவைப்படவில்லை. அந்த விருதை நீயே வைத்துக்கொள். யார் வந்து பார்த்தாலும் எடுத்துக் காட்டு.

வேலை முடிந்ததும் லேபிலேயே ஒரு மேஜையைத் துடைத்துவிட்டுத் தினம் ஒரு மணி நேரம் எழுதுகிறேன். என் பெயரில்தான் அனுப்பப்போகிறேன். முதுகு வலிக்கத்தான் செய்கிறது.

எனக்குக் கடிதம் போடுவதை மட்டும் நிறுத்திவிடாதே. சாப்பிட்டது, தூங்கியது, பயந்தது, யாரிடம் என்ன சொன்னது, எதையும் விடாமல் எழுது. அடுத்த கதைக்கு எனக்கு ஒரு தம்பி வேண்டியிருக்கிறது.

அக்கா